கழுத்தில் தொங்கும் எண்: பழங்குடி மக்களின் உருவப்படங்களைப் படிக்கக் கற்றல்

கறுப்பு வெள்ளைப் படம். மார்பளவு தெரியும் ஒரு மனிதர் நேராகக் காமிராவைப் பார்க்கிறார். தலைமுடி நெற்றியைச் சுற்றி வட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சிறு பட்டை, பட்டையில் ஓர் எண். பெயர் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட படங்களை வரிசையாக முதன்முதலில் பார்த்தபோது, இவர்கள் ஏதோ சிறையில் அடைக்கப்பட்டவர்கள் என்றுதான் நினைத்தேன். காவல் நிலையத்தில் சிலேட்டைப் பிடித்தபடி நிற்கவைத்து எடுக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உண்மையில் அவர்கள் பிரேசில் நாட்டின் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடி மக்கள். அந்த எண், அவர்களுக்குத் தடுப்பூசி போடச் சென்ற குழுவினர் அணிவித்தது. படமெடுத்த கிளாடியா அந்துஜார், அம்மக்களின் உயிரையும் நிலத்தையும் காப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்.

என் முதல் பார்வை தவறுதான். ஆனாலும் அதை முழுத் தவறு என்று இன்று சொல்ல மாட்டேன். அந்த எண்ணைக் கண்டதும் ஏற்படும் துணுக்குறல் அந்தப் படங்களின் பொருளில் ஒரு பாதி. ஒரு முகத்தின் படம் எப்படி ஒரு சமூகத்தின் போராட்டத்தைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதைப் புதிதாக அறிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் இந்தப் படத்தொடரையே சுற்றி வரும்.

முதலில், உருவப்படம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவருடைய சாயலைக் காட்டுவது உருவப்படம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லா உருவப்படத்திலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரும் இருக்கிறார். அவர் காமிராவுக்குப் பின்னால் நிற்பவர். நாம் ஸ்டுடியோவுக்குப் போய்க் குடும்பப் படம் எடுத்துக்கொள்ளும்போது காசு நாம் கொடுக்கிறோம், யார் உட்காருவது யார் நிற்பது என்பதை நாமே முடிவு செய்கிறோம், சட்டம் போட்ட படம் நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பழங்குடி மக்களை எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றுமே பிறர் கையில் இருந்தன. படம் எடுக்க விரும்பியவர் வேறு, நிற்கும் விதத்தைச் சொன்னவர் வேறு, படத்தை எடுத்துக்கொண்டு போனவரும் வேறு. படத்தில் இருப்பவருக்குத் தம் முகத்தின்மீது எந்த அளவுக்கு உரிமை இருந்தது என்ற கேள்வியிலிருந்துதான் சமூக விமர்சனமாக ஒரு படத்தைப் படிப்பது தொடங்குகிறது. தனி ஒருவரைக் காட்டிக்கொண்டே, அவரை அந்த நிலையில் நிறுத்திய அரசையும் சந்தையையும் வரலாற்றையும் பற்றிப் படம் என்ன சொல்கிறது என்று கேட்பதே அந்த வாசிப்பு.

அந்தப் பழைய படங்கள் எப்படி இருந்தன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 1890-களில் அந்தமான் தீவுகளில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், அந்தமானியரைச் சதுரங்கப் பலகைபோல் கட்டம் வரைந்த பின்புலத்தின் முன்னால் நிற்கவைத்துப் படமெடுத்தார். உடலின் அளவைப் படத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்ள அந்தக் கட்டம் உதவியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நீலகிரித் தோடர் உள்ளிட்ட மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் அவர் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அத்தகைய படங்களில் முகம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்; படத்தின் கீழ் இனத்தின் பெயர் இருக்கும், மனிதரின் பெயர் இருக்காது. யானோமாமி படங்களில் தொங்கும் எண் நம் மனத்தில் எழுப்பும் பழைய நினைவு இதுதான்.

அளப்பதற்காக எடுத்த படங்கள் ஒரு வகை. அழகுக்காக எடுத்த படங்கள் இன்னொரு வகை. இவற்றைப் படிப்பது இன்னும் கடினம். எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வட அமெரிக்கப் பழங்குடி மக்களைப் பற்றி 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள் கொண்டுவந்தார். அவருடைய படங்கள் மிகவும் அழகானவை, அதை மறுக்க முடியாது. 1910-ல் அவர் எடுத்த ஒரு படத்தில், பீகன் இனத்தவர் இருவர் தங்கள் கூடாரத்துக்குள் அமர்ந்திருக்கிறார்கள். மூல நெகட்டிவில் இருவருக்கும் நடுவே ஓர் அலாரம் கடிகாரம் தெளிவாகத் தெரிகிறது. அச்சிட்ட படத்தில் அந்தக் கடிகாரம் இல்லை, திருத்தி நீக்கியிருக்கிறார்கள். பழங்குடி மனிதர் கடிகாரம் வைத்திருந்தால் அவர் பார்ப்பவரோடு ஒரே காலத்தில் வாழ்பவர் ஆகிவிடுவார். மறைந்துகொண்டிருக்கும் இனம் என்று உலகுக்குக் காட்ட வேண்டுமானால் கடிகாரம் மறைந்தாக வேண்டும். அந்த ஆண்டுகளில் அம்மக்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களில் முடக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டு முடி வெட்டப்பட்டுத் தாய்மொழி பேசத் தடுக்கப்பட்டார்கள். இவை எதுவும் அந்த அழகான கூடாரப் படத்துக்குள் இல்லை. ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, எதை எடுத்துவிட்டார்கள் என்றும் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி அந்துஜாரிடம் வருவோம். அவர் 1931-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைப் பகுதியான டிரான்சில்வேனியாவில் வளர்ந்தவர். தந்தை யூதர், தாய் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறித்தவர். 1944-ல் நாஜிகள் அப்பகுதி யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பியபோது, தந்தையையும் தந்தைவழி உறவினர்களையும் அவர் இழந்தார். தாயும் மகளும் தப்பினார்கள். அவருடன் பழகிய, மஞ்சள் நட்சத்திரம் அணிந்திருந்த ஒரு சிறுவனும் அந்த முகாம்களுக்குப் போய்த் திரும்பவில்லை. உடையில் தைக்கப்பட்ட ஒரு குறி ஒரு மனிதரின் சாவைத் தீர்மானிப்பதைப் பதின்மூன்று வயதில் கண்ணால் கண்டவர் அவர். பின்னர் நியூயார்க் சென்று, 1955-ல் பிரேசிலில் குடியேறினார். மொழி தெரியாத நாட்டில் மக்களோடு பழகும் வழியாகவே காமிராவைக் கையில் எடுத்தார்.

1971-ல் ஒரு பத்திரிகைக்காக அமேசான் சென்றபோது முதன்முதலாக யானோமாமி மக்களைச் சந்தித்தார். அதன்பின் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் அங்கே போய், மாதக்கணக்கில் தங்கினார். அக்காலத்தில் அவர் எடுத்த படங்கள் கனவுபோல் இருக்கும். காமிரா வில்லையின் ஓரத்தில் வாசலைன் தடவியும், அகச்சிவப்புப் படச்சுருளைப் பயன்படுத்தியும், ஒளியை நீண்ட நேரம் உள்ளே விட்டும், யானோமாமி பூசாரிகள் ஆவிகளோடு பேசும் சடங்கை அவர்கள் உணர்ந்தபடியே காட்ட முயன்றார்.

அந்தக் கனவு நீடிக்கவில்லை. அப்போது பிரேசிலை ஆண்டது ராணுவ அரசு. அமேசானைத் திறந்துவிடும் திட்டத்தின் பகுதியாக, 1973-ல் யானோமாமி நிலத்தின் தென்பகுதி வழியே வடக்குச் சுற்று நெடுஞ்சாலையைப் போடத் தொடங்கினார்கள். சாலையோடு தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வந்தன. வெளியுலகத் தொடர்பே அதிகம் இல்லாத மக்களின் உடலில் இவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. ஊர் ஊராகச் செத்தார்கள். 1977-ல் அரசு அந்துஜாரை அப்பகுதியிலிருந்து வெளியேற்றியது. அவர் சும்மா இருக்கவில்லை. 1978-ல் கத்தோலிக்க மதப்பணியாளர் கார்லோ சக்கினி, மானிடவியலாளர் புரூஸ் ஆல்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து யானோமாமி நிலத்தைச் சட்டப்படி வரையறுக்கக் கோரும் குழுவை அமைத்தார். 1981 முதல் 1983 வரை இரண்டு மருத்துவர்களுடன் காட்டுக்குள் ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போடும் பணியில் ஈடுபட்டார். நாம் பேசும் படங்கள் அப்போது எடுத்தவை.

எண் ஏன் வந்தது என்பதற்கு எளிய காரணம் உண்டு. யானோமாமி வழக்கத்தில் ஒருவருடைய பெயரை அவர் முன்னிலையில் உரக்கச் சொல்வது அவமதிப்பு. இறந்தவரின் பெயரை உச்சரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். யாருக்கு எந்த ஊசி போட்டோம் என்று பதிவு வைக்காமல் மருத்துவம் செய்ய முடியாது; பெயரைக் கேட்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, படமெடுத்து மருத்துவ அட்டையோடு சேர்த்தார்கள். அவர்களுடைய வழக்கத்தை மதித்ததால் வந்த எண் அது. மிகக் கறாரான அரசு அலுவலகம் கொடுக்கும் எண்ணைப் போலவே அது தோற்றம் தருவதுதான் இந்தப் படங்களின் வேதனை.

இப்போது படத்தின் அருகில் செல்வோம். போர்ட்மனின் கட்டம் இங்கே இல்லை. உடலை அளக்கும் எண்ணமே இல்லை. காமிரா பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் கண்மட்டத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது. பழைய மானிடவியல் படங்களில் ஒரே ஆளை முன்புறமும் பக்கவாட்டிலும் விறைப்பாக நிறுத்துவார்கள். இங்கே ஒவ்வொருவரும் தத்தம் இயல்பில் இருக்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார், ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பதே விளங்கவில்லை. குழந்தைகளின் சிறிய மார்பில் அந்தப் பட்டை பெரிதாகத் தெரிகிறது. பெண்கள் சிலரின் மூக்கிலும் உதட்டோரங்களிலும் மெல்லிய குச்சிகள். வேறு சிலர் மேலே வெளியுலகத்திலிருந்து வந்த சட்டைகள். அந்தச் சட்டையைக் கவனியுங்கள். கர்ட்டிஸ் நீக்கிய கடிகாரத்தை இங்கே யாரும் நீக்கவில்லை. சாலை எதுவரை வந்துவிட்டது என்பதை அந்தத் துணி சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒளியையும் வண்ணத்தையும் அவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட ஒரு கலைஞர், இங்கே தம் கைத்திறனையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல் எடுத்திருக்கிறார். மருத்துவப் பதிவுக்கு அதுவே தேவைப்பட்டது. இருந்தும், முகம் பார்த்து எடுத்துப் பழகிய கை ஆதலால், பதிவுக்காக எடுத்த படத்திலும் ஆளின் மனநிலை வந்து அமர்ந்துவிட்டது. ஒரே படத்தில் எண் ஒரு பக்கம் இழுக்கிறது, முகம் மறுபக்கம் இழுக்கிறது. எண் இவரைப் பட்டியலில் ஒருவராக்குகிறது. முகமோ இவரைப் போல் இன்னொருவர் இல்லை என்கிறது. அரசின் சாலையும் தட்டம்மையும் எண்ணிக்கையாக மட்டுமே கண்ட மக்கள் இவர்கள் என்ற விமர்சனம், எந்த வாசகமும் இல்லாமலேயே இந்த இழுபறியிலிருந்து எழுகிறது.

ஒரு படம் எங்கே வைக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்பதற்கும் இத்தொடர் நல்ல சான்று. 1980-களின் தொடக்கத்தில் அது மருத்துவ அட்டையில் ஒட்டிய படம். அதைப் பார்த்தவர் மருத்துவர். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தபின், பழைய படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்த அந்துஜார், தம் சிறுவயதில் கண்ட மஞ்சள் நட்சத்திரத்தை அந்த எண்ணில் கண்டார். அப்போதுதான் இத்தொடருக்குக் குறியிடப்பட்டவர்கள் என்று பொருள்படும் போர்த்துகீசியப் பெயரை வைத்தார். அன்று யூதர்களுக்கு இட்ட குறி சாவதற்கு, இன்று யானோமாமிக்கு இட்ட குறி வாழ்வதற்கு என்பது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். 2006-ல் சாவோ பாலோ பியென்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் இப்படங்கள் வைக்கப்பட்டபோது பார்த்தவர்கள் நகரத்துக் கலை ரசிகர்கள். அவர்கள் முன்னால் அதே முகம் ஒரு குற்றச்சாட்டாக நின்றது. முகம் மாறவில்லை, எண் மாறவில்லை; மாறியது பார்ப்பவர் நிற்கும் இடம். ஆகவே ஒரு படத்தைப் பார்த்ததும், இது முதலில் யாருக்காக எடுத்தது, இப்போது யார் பார்க்கிறார்கள், இடையில் என்ன நடந்தது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இடையில் நிறையவே நடந்தது. 1980-களின் இறுதியில் தங்கம் தேடி ஏறத்தாழ 40,000 பேர் யானோமாமி நிலத்துக்குள் புகுந்தார்கள். மலேரியாவும் துப்பாக்கிச் சூடும் ஆற்றில் கலந்த பாதரசமும் சேர்ந்து, ஏழு ஆண்டுகளில் யானோமாமி மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அரசு அவர்களுடைய நிலத்தை 19 துண்டுகளாகப் பிரித்து இடைப்பட்ட காட்டைச் சுரங்கத்துக்கு விடப் பார்த்தது. தாவி கோப்பெனாவா என்ற யானோமாமித் தலைவரும் பழங்குடி அல்லாத ஆதரவாளர்களும் நாடுநாடாகச் சென்று நியாயம் கேட்டார்கள். அந்துஜாரின் படங்களும் அந்தப் பயணத்தில் துணை சென்றன. 1992-ல் பிரேசில் அரசு ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் துண்டாடாமல் ஒரே பரப்பாக யானோமாமி நிலம் என்று வரையறுத்தது. அது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு. படம் மட்டும் இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. போராட்டத்தின் பல கருவிகளில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே ஹஷிமு என்ற ஊரில் தங்கம் தோண்டுவோர் 16 யானோமாமியரைக் கொன்றதை அறிந்தவர்கள், காகிதத்தில் எல்லை வரைவதோடு ஒரு போராட்டம் முடிவதில்லை என்பதையும் அறிவார்கள்.

ஒரு நியாயமான ஐயத்துக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நல்ல எண்ணம் உள்ளவர் என்றாலும், அந்துஜார் வெளியிலிருந்து வந்தவர். மஞ்சள் நட்சத்திரம் அவருடைய நினைவு, யானோமாமியரின் நினைவு ஆகாது. பிறருடைய முகத்தின்மேல் தம் வரலாற்றை அவர் எழுதிவிட்டாரா என்று கேட்பது அவரைக் குறைத்துப் பேசுவது ஆகாது. இந்த வாசிப்பின் உயிரே அத்தகைய கேள்விதான். என் எண்ணம் இது: தாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை மறைக்காமல் சொன்னதால்தான் அவருடைய படங்களை நம்ப முடிகிறது. ஆனால் அது போதாது. படத்தில் இருப்பவர்களின் சொல்லும் வேண்டும்.

அந்தச் சொல்லைப் படத்தின்மேலேயே எழுதிக் காட்டியவர்களும் உண்டு. 1880-ல் வட அமெரிக்கப் பழங்குடியான குரோ இனத்தின் தலைவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றிப் பேச வாஷிங்டன் சென்றபோது, சார்லஸ் மில்டன் பெல் என்பவர் அவர்களைத் தம் ஸ்டுடியோவில் படமெடுத்தார். அவர்களில் ஒருவரான மெடிசின் குரோவின் படம், பிற்காலத்தில் ஒரு தேநீர்ப் பானத்தின் புட்டிவரை போய்ச் சேர்ந்தது. அதே இனத்தில் பிறந்த வெண்டி ரெட் ஸ்டார் என்ற கலைஞர், 2014-ல் அப்படங்களின் பிரதிகள்மேல் சிவப்பு மையால் குறிப்புகள் எழுதினார். முடியில் கட்டிய முடிச்சுக்கு என்ன பொருள், கையிலுள்ள கழுகிறகு விசிறி எதைச் சொல்கிறது, சட்டையில் தொங்கும் ரோமத்தோல் கீற்று எதற்கு என்று ஒவ்வொன்றாக. கண்ணுக்கு அலங்காரமாகத் தெரிந்தவை, ஒரு போர்வீரரின் சாதனைப் பட்டியலாக மாறின. நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான புகைப்படக் கலைஞர் வில் வில்சன் இன்னொரு வழியைக் கண்டார். பழைய முறையில் உலோகத் தகட்டில் படமெடுத்து, அந்த மூலத் தகட்டைப் படத்தில் இருப்பவருக்கே கொடுத்துவிடுகிறார். அவர் சம்மதத்தோடு ஒரு பிரதியை மட்டும் தாம் வைத்துக்கொள்கிறார். ஸ்டுடியோவில் நமக்குக் கிடைக்கும் உரிமை, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தாமதமாக, அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

யானோமாமி மக்களுக்குப் படம் என்பதே வேறு வகையான சிக்கல். ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளையும் அவர் விட்டுச்சென்ற தடயங்களையும் அழித்துவிடுவது அவர்களுடைய மரபு. இறந்தவரை நினைவூட்டும் எதுவும் உயிரோடு இருப்பவரை வருத்தும், இறந்தவரையும் அமைதியாகப் போகவிடாது. நாம் இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம். அவர்களுக்கு அதே செயல் தாங்க முடியாத ஒன்று. அந்துஜார் எடுத்த முகங்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. இருந்தும் அப்படங்கள் கண்காட்சிகளில் தொங்குவதற்கு யானோமாமித் தலைவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். தங்களை அறியாதவர்கள் தங்களைக் காக்கத் துணை நிற்க மாட்டார்கள் என்பதால் செய்துகொண்ட கடினமான விட்டுக்கொடுத்தல் அது. 2023-ல் நியூயார்க்கில் அந்துஜாரின் படங்கள் வைக்கப்பட்டபோது, யொசேக்கா மொக்காஹெசி போன்ற யானோமாமிக் கலைஞர்களின் ஓவியங்களும் உடன் இருந்தன.

அதே 2023 ஜனவரியில் பிரேசில் அரசு யானோமாமி நிலத்தில் மருத்துவ நெருக்கடி நிலையை அறிவித்தது. சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் மீண்டும் பெருகி, மலேரியாவும் பட்டினியும் குழந்தைகளையும் முதியவர்களையும் தின்றுகொண்டிருந்தன. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு முதிய பெண்மணியின் படம் அந்நாட்களில் உலகெங்கும் பரவியது. சில நாளில் அவர் இறந்துபோனார். உடனே யானோமாமி அமைப்பு ஒன்று, இனி அவருடைய படத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.